தளர்ச்சியும் அழற்சியும்: வாசற்படியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் நான். வேலை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் மகனோ மகளோ மருமகளோ பின்னாலேயே வந்து, உள்ளே கேட்கத் தயங்கியதைக் கேட்பார்கள். ‘சிஆர்பி கூட இருக்குன்னு சொன்னாங்களே, அதனாலதான் அப்பா இப்படி ஒடுங்கிட்டாரா?’ என்பது அண்மைக்காலத்தில் அடிக்கடி காதில் விழுவது. உடம்பில் அழற்சி இருப்பதை ரத்தத்தில் காட்டுகிற ஒரு அளவுதான் இந்த சிஆர்பி. அங்கே நின்றபடி சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

வயதானால் எல்லாரும் தளரத்தானே செய்வார்கள்? இதைத் தனியாக ஒரு பிரச்சினை என்று ஏன் சொல்கிறீர்கள்?

தளர்வார்கள், ஆனால் ஒரே மாதிரி தளர்வதில்லை. 85 வயதில் மொட்டை மாடி ஏறி வடாம் காயவைக்கிற பாட்டியும் இருக்கிறார். 68 வயதில் கட்டிலை விட்டு இறங்க ஆள் தேடுகிறவரும் இருக்கிறார். மருத்துவர்கள் ‘ஃப்ரெயில்டி’ என்று எழுதுவது இந்த வித்தியாசத்தைத்தான். உடம்பின் கைச்சேமிப்பு கரைந்துபோன நிலை அது. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. ஒரு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் மற்றவர் நாலு நாளில் நடமாடுவார், இவர் மாதக்கணக்கில் படுத்துவிடுவார்.

இதற்கு ஒரு அளவுகோல் 2001-ல் வந்தது. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 5,317 பேரின் விவரங்களை வைத்து லிண்டா ஃப்ரீட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோ அளவுக்கு எடை குறைவது, எதைச் செய்தாலும் அலுப்பு, நடை மெதுவாவது, கைப்பிடி பலவீனமாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி. அந்த ஆய்வில் 100-க்கு சுமார் 7 பேர் தளர்ச்சி நிலையில் இருந்தார்கள். முந்தைய படியில் இருந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. என்னைக் கேட்டால் நாம் கவனிக்க வேண்டியது அவர்களைத்தான், ஏனென்றால் அங்கிருந்து திரும்பி வருவது இன்னும் சுலபம்.

அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், தசை குறைந்திருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-ல் வகுத்த அளவு சொல்கிறது. சாதாரண நடையில் 6 மீட்டரைக் கடக்க 6 நொடிக்கு மேல் ஆவதும் அதே எச்சரிக்கை. கைப்பிடி வலுவுக்குக் கருவி வேண்டும். ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ என்பது கீழ்வரம்பு.

நான் போனவுடன் பார்ப்பது வேறு. கைக்கடிகாரம் மணிக்கட்டில் சுற்றுகிறதா? இந்தியன் டாய்லெட்டில் குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுகிறாரா? ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க யாரையாவது கூப்பிடுகிறாரா? தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எப்போது மேசைக்கு மாறினார்? ‘முட்டி வலி’ என்று சொல்லித்தான் மாறியிருப்பார். பாதிப் பேருக்கு முட்டியைவிடத் தொடைதான் காலியாகியிருக்கும்.

அழற்சி என்றால் வீக்கம். அப்பாவுக்கு எங்கேயும் வீக்கமே இல்லையே?

முள் குத்தினால் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும். அது நல்ல அழற்சி. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். வயதானவர்களிடம் பேசப்படுவது இன்னொரு வகை, நீறு பூத்த நெருப்பு. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ரத்தத்தில் இன்டர்லியூக்கின்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா என்கிற தூதுப் பொருள்கள் எப்போதும் வழக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் இன்டர்லியூக்கின்-6 கொடுக்கிற கட்டளைக்குக் கல்லீரல் சுரப்பதுதான் சிஆர்பி. 2000-ல் இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் கூட்டாளிகளும் அழற்சி, முதுமை இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை ஒட்டி ‘இன்ஃப்ளமேஜிங்’ என்று பெயர் வைத்தார்கள். ‘மூப்பழற்சி’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் கங்குக்கு விறகு எங்கிருந்து வருகிறது?

பல இடங்களிலிருந்து. வயதாக ஆக உடம்பில் சில செல்கள் பிளவுபடுவதை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. வேலைக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு வளர்க்கும் ஆள் மாதிரி, அழற்சிப் பொருள்களைச் சுரந்து பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். தொப்பைக் கொழுப்பு இன்னொரு பெரிய மூலம். அது சும்மா கிடக்கிற கொழுப்பு அல்ல, இன்டர்லியூக்கின்-6 சுரக்கிற உறுப்பு மாதிரியே நடந்துகொள்கிறது. குடலின் உள்தோல் தளர்ந்தால் கிருமித் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசியும். கட்டுப்படாத சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புகைபிடித்த நுரையீரல் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

நம் வீடுகளில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று, பல் ஈறு. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, நாலு பல் ஆடுகிறது, ‘வயசாச்சு, விழுந்தா விழட்டும்’ என்று விட்டுவிடுவோம். அது வருடக்கணக்காக ஆறாத புண். போதாததற்குக் கடிக்க முடியாமல் சுண்டலும் கறியும் தட்டிலிருந்து போய், கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் மிஞ்சும். ஒரே ஈறு, இரண்டு பக்கமும் அடிக்கிறது.

சரி, இது தசையை எப்படிக் கரைக்கிறது?

தசை தினமும் இடிந்து தினமும் கட்டப்படுகிற சுவர். இளவயதில் இரண்டும் சமம். அழற்சிப் பொருள்கள் இடிக்கும் வேலையைத் தூண்டிவிட்டு, கட்டும் வேலையை மந்தப்படுத்துகின்றன. 25 வயதுக்காரர் ஒரு முட்டை சாப்பிட்டால் தசை அதை உடனே எடுத்துக்கொள்ளும். 75 வயதுக்காரரின் தசைக்கு அதே முட்டை எட்டுவதில்லை; இன்னும் பலமாகத் தட்டினால்தான் கதவு திறக்கும். வளர்ச்சிக்கு உதவும் ஹார்மோன்களும் இறங்குகின்றன, இன்சுலின் பேச்சையும் தசை சரியாகக் கேட்பதில்லை.

தசையோடு நிற்பதும் இல்லை. இதே பொருள்கள் மூளையைத் தொட்டுப் பசியை அடக்கும். காய்ச்சல் வந்தால் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறதல்லவா, அதன் மெல்லிய வடிவம் தினமும். அப்புறம் ரத்தம். இன்டர்லியூக்கின்-6 கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது இரும்பைக் கிடங்குக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெரியவர்களில் சிலருடைய கதை இதுதான். பசி இல்லை, ரத்தம் இல்லை, தசை இல்லை. ஃப்ரீட் சொன்ன ஐந்தில் எத்தனை இதில் வந்துவிட்டன என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் அழற்சிதான் காரணம் என்று முடிவுகட்டலாமா?

அவசரப்பட வேண்டாம். ஃப்ரீட் பயன்படுத்திய அதே மக்கள் தொகுப்பில் ஜெரமி வால்ஸ்டன் குழுவினர் 2002-ல் பார்த்தபோது, தளர்ந்தவர்களுக்கு சிஆர்பியும் ரத்தம் உறைதல் தொடர்பான சில அளவுகளும் கூடுதலாக இருந்தன. இதயநோயும் சர்க்கரையும் உள்ளவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டும் அந்த வித்தியாசம் நின்றது. எனவே தொடர்பு உண்மை. ஆனால் எது முன், எது பின்? உட்கார்ந்தே இருந்தால் தசை போகும், தொப்பை வரும், தொப்பை அழற்சியைக் கூட்டும், அழற்சி அலுப்பைத் தரும், அலுப்பு மறுபடி உட்காரவைக்கும். இந்த வட்டத்தில் முதல் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

2025-ல் வந்த ஒரு ஆய்வு எனக்கு இன்னும் சுவாரசியமாகப் பட்டது. இத்தாலியிலும் சிங்கப்பூரிலும் வயதோடு சேர்ந்து ஏறிய அழற்சிக் குறியீடுகள், பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடமும் மலேசியாவின் ஒராங் அஸ்லி மக்களிடமும் அப்படி வயதோடு ஏறவில்லை. சிமானே மக்களுக்கு அழற்சியே இல்லை என்றில்லை. குடற்புழுவும் தொற்றும் அவர்களுக்கு ஏராளம். ஆனால் வயதானால் அழற்சி கூடியே தீரும் என்பது மனித உடம்பின் விதியாக இருக்காது, நகர வாழ்க்கையின் விளைவாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தை இது கிளப்பிவிட்டது.

சிஆர்பி டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இருக்கிறதே.

தளர்ச்சியைக் கண்டுபிடிக்க அதனால் பிரயோஜனம் குறைவு. நேற்று சளி பிடித்திருந்தாலும் ஏறும், பல்லில் சீழ் இருந்தாலும் ஏறும். நுண்ணளவு சிஆர்பியில் (hs-CRP) லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 3-க்கு மேலே அதிகம் என்று பிரிப்பது இதயநோய் அபாயத்தைக் கணிக்க வைத்த கணக்கு. 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொற்றையோ காயத்தையோ தேடுவார்கள். ஒரே ஒரு முறை எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு அப்பாவின் எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம்.

நிமோனியா வந்து பத்து நாள் படுத்திருந்தார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் எழுந்திருக்கவே முடியவில்லை. என்ன நடந்தது?

என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான்.

படுக்கை என்பது தசைக்கு விஷம். ஆரோக்கியமான பெரியவர்களையே பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களில் இருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போனது. அவர்களுக்கு நோயே கிடையாது, சாப்பாடும் வேளாவேளைக்குக் கிடைத்தது. உங்கள் அப்பாவுக்கு அதற்கு மேல் நிமோனியா. கங்காக இருந்த அழற்சி அந்த நாட்களில் கொழுந்துவிட்டு எரிந்திருக்கும். பசியும் இருந்திருக்காது, சலைன் பாட்டிலில் புரதமும் கிடையாது. கிருமி செத்துவிட்டது, எக்ஸ்ரே சுத்தம், டிஸ்சார்ஜ். ஆனால் தொடை காலி.

சில மாதங்களுக்கு முன் 79 வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். முன்னாள் தபால்காரர், ஊரையே சைக்கிளில் சுற்றியவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாளாகக் கட்டிலிலேயே இருந்தார். வேட்டியை விலக்கிப் பார்த்தால் முட்டிக்கு மேலே தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மகள் வேளைக்கு ஒரு தம்ளர் ரவைக் கஞ்சி அன்போடு கொடுத்துக்கொண்டிருந்தாள். ‘ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான் சார் எழுப்பல’ என்றாள். அன்பில் குறை சொல்ல என்ன இருக்கிறது? முதல் நாள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்காரவைத்தோம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் இரண்டு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியிலிருந்து ஒரு முறை எழுந்தார். ஆறு வாரம் கழித்துத் தலையணை இரண்டும் போய்விட்டன. சைக்கிள் மட்டும் இனி வேண்டாம் என்று மகள் பூட்டி வைத்திருக்கிறாள். சாவியை எங்கே வைத்திருக்கிறாள் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

அடுத்த முறை யாரையாவது அட்மிட் செய்தால் டாக்டரிடம் முதல் நாளே கேளுங்கள்: ‘எப்போதிலிருந்து உட்காரவைக்கலாம்? எப்போது நடக்கவைக்கலாம்?’ டாக்டர் ‘கூடாது’ என்று சொல்லாதவரை, கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப்போவதே சிகிச்சை. ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளையும் இந்தக் கோணத்தில் யோசியுங்கள். அந்தப் பத்து நாள் படுக்கையே வராமல் இருப்பதைவிட நல்ல பிசியோதெரபி இல்லை.

அழற்சியைக் குறைக்க ஒரு மாத்திரை போட்டால் போதாதா?

எல்லாருக்கும் வருகிற ஆசை. ஆய்வாளர்களுக்கும் வந்தது. ஆஸ்பிரினை 19,114 பேரிடம், பெரும்பாலும் 70 வயது தாண்டியவர்களிடம், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: ஊனமில்லாமல் வாழும் காலம் நீளவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. இதயநோய்க்காக டாக்டர் சொல்லிப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு. நடை தளர்ந்து இன்டர்லியூக்கின்-6 கூடியிருந்த பெரியவர்களுக்கு மீன் எண்ணெயும், லோசார்டான் என்ற பிபி மாத்திரையும் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் அந்த அளவும் குறையவில்லை, நடையும் வேகமெடுக்கவில்லை.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு இணையான மருந்து அபூர்வம். ஆனால் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டால் முதலில் கரைவது தொடைத் தசை! ‘ஒரே வாரத்தில் முட்டி வலி போகும்’ என்று யாரோ கொடுத்த பேரில்லாத பொடியை வருடக்கணக்கில் சாப்பிட்டு, கால் குச்சியாகி, முகம் மட்டும் உருண்டையானவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள், திடீர் நிறுத்தமும் ஆபத்து.

மஞ்சள்? குழம்பில் போடுங்கள், பாலில் போடுங்கள், நன்றாக இருக்கும். மஞ்சளிலிருந்து எடுக்கிற குர்குமின் கேப்சூல் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. உடம்பு அதை எளிதில் உறிஞ்சுவதில்லை, அதிக அளவில் எடுத்துக் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு.

உடற்பயிற்சி செய்தால் இன்டர்லியூக்கின்-6 ஏறும் என்று படித்தேனே?

ஏறும், உண்மைதான். வேலை செய்கிற தசையே அதைச் சுரக்கிறது. ஆனால் சற்று நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது அழற்சியை அடக்கும் பொருள்களையும் கூடவே எழுப்பிவிட்டுப் போகும். அடைமழை ஒரு மணி நேரம் பெய்து விட்டால் நல்லது, தூறல் வருடம் முழுக்க விடாமல் இருந்தால் சுவர் பூஞ்சை பிடிக்கும். அது மாதிரி.

எந்த வயது வரை பயிற்சி பலிக்கும்? அம்மாவுக்கு 88.

பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் சராசரி வயது 90 உள்ள தளர்ந்தவர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். 1990-ல் வெளியான முடிவில் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சியை முடித்தவர்கள் ஒன்பதே பேர், சின்ன ஆய்வுதான். பெரிய ஆய்வும் உண்டு. 70 முதல் 89 வயதுக்குள் 1,635 பேரைச் சேர்த்து, நடையும் வலுப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கொடுத்துச் சராசரியாக 2.6 வருடம் தொடர்ந்தார்கள். 400 மீட்டர் நடக்க முடியாமல் போகும் அபாயம், உடல்நல வகுப்பு மட்டும் கேட்டவர்களைவிட இவர்களுக்கு 18 சதவீதம் குறைந்தது. 2014-ல் வந்த இந்த எண் பார்க்கச் சிறியது. ஆனால் இந்த வயதில் இவ்வளவு செய்த மாத்திரையை எனக்குக் காட்டுங்கள்.

நடைப்பயிற்சி மட்டும் போதாது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ‘தினமும் பார்க்ல ரெண்டு ரவுண்டு போறாரே’ என்பார்கள். நடப்பது இதயத்துக்கு நல்லது, தொடை பெருக்க எடை வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதே தன் எடையைத் தூக்குவதுதான். அது சுலபமானால் கையில் ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழட்டும். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கலாம். வாரத்தில் மூன்று நாள் போதும். நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அத்தோடு நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டில் எதை மாற்றுவது?

புரதம். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். இப்போது பாட்டியின் ஒரு நாளை எண்ணுங்கள். காலையில் இரண்டு இட்லி, 4 கிராம். மதியம் கொஞ்சம் சாதம், தண்ணியாக ரசம், அரைக் கரண்டி மோர். ராத்திரி ஒரு தோசை. பாதிகூட வராது.

ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, 100 கிராம் மீனில் 20-க்குப் பக்கம். சைவக்காரர்களுக்குக் கெட்டித் தயிர், பனீர், குழைய வேகவைத்த சுண்டல், சோயா. பல் இல்லாவிட்டால் வேர்க்கடலையைப் பொடித்துச் சாதத்தில் பிசையலாம். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

குண்டாக இருப்பவருக்கும் தளர்ச்சி வருமா?

வரும். கொழுப்பு மேலே மூடியிருப்பதால் தசை போனது கண்ணுக்குத் தெரியாது. அழற்சியும் அவர்களுக்குக் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. பட்டினி போட்டு எடையை இறக்காதீர்கள், கொழுப்போடு சேர்ந்து இருக்கிற தசையும் போய்விடும்.

எப்போது டாக்டரிடம் போயே ஆக வேண்டும்?

காரணமில்லாமல் எடை குறைந்தால், உடனே. ‘வயசு’ என்று மூடிவைக்கிற பெட்டிக்குள் காசநோய், புற்றுநோய், தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எது வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். தோள்பட்டையும் இடுப்பும் காலையில் இறுகிப்போய், சட்டை மாட்டக் கை தூக்க முடியாமல் போனால், அது மருந்துக்கு நன்றாகக் கேட்கிற தனி அழற்சி நோயாக இருக்கலாம். போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஒரே தூக்க மாத்திரையை இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பெயரில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவம் 1978-லேயே டாக்டர் வி. எஸ். நடராஜனால் தொடங்கப்பட்டது, இந்தியாவிலேயே அதுதான் முன்னோடி. இப்போது கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. வெளியே கூட்டிப்போக முடியாதவர்களுக்கு, 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

‘எனக்கு எதுக்குடா இந்த வயசுல இதெல்லாம்’ என்கிறாரே, என்ன செய்வது?

பயிற்சி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ஒரு பாட்டி என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாலை சீரியலை மட்டும் விடமாட்டார். பேத்திதான் வழி கண்டுபிடித்தாள்: விளம்பரம் வந்தால் இரண்டு பேரும் எழுந்து எழுந்து உட்கார வேண்டும், யார் முதலில் நிறுத்துகிறாரோ அவர் டீ போட வேண்டும். போன வாரம் நான் போனபோது பாட்டி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேத்தி சமையலறையில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.